கானவ்யா பாடுகிறார், சரி... ஹார்ப் வாசிப்பது யார்? ஜாஸ் பதிவுகளில் பெயர்கள் ஏன் முக்கியம்?

செல்போனில் ஒரு பாட்டு ஓடுகிறது. திரையில் ஆல்பத்தின் படம், பாட்டின் தலைப்பு, அதற்குக் கீழே பாடகியின் பெயர். அவ்வளவுதான். பின்னால் தந்திகளை மீட்டுவது யார்? அடியில் கனமாக ஒலிக்கும் அந்தப் பெரிய வாத்தியம் யாருடையது? தேடுவதற்குள் அடுத்த பாட்டு தானாக வந்துவிடுகிறது.

காரைக்காலுக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே கடலோரத்தில் இருக்கும் திருவேட்டக்குடி போன்ற டெல்டா ஊர்களில் பழக்கம் வேறு. கோயில் திருவிழா நோட்டீஸில் நாகஸ்வரம் யார், தவில் யார் என்று ஊர்ப் பெயரோடு அச்சடிப்பார்கள். "இந்த வருஷம் தவில் யாரு?"ன்னு கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கிளம்பும் ரசிகர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் காரைக்கால் அம்மையார். 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவராகக் கருதப்படும் அவர், திருவாலங்காட்டில் சிவன் ஆடுவதைப் பாடும்போது, ஏழு சுரங்களின் பழைய தமிழ்ப் பெயர்களைச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்த ஆட்டத்துக்கு முழங்கும் வாத்தியங்களையும் வரிசையாகச் சொல்கிறார். வீணை, மத்தளம், துந்துபி, தக்கை, மொந்தை, குடமுழா எல்லாம் அதில் உண்டு. பாடுகிற பெண் ஒருவர், கூட ஒலிப்பவற்றையும் பெயர் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்.

இன்று அதே திருவேட்டக்குடியில் புதுச்சேரி என்ஐடி வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவரின் இயர்போனில் பெர்லினில் பதிவான ஆல்பம் சில நொடிகளில் வந்துவிடும். பாட்டு வந்துவிடுகிறது, வாசித்தவர்கள் பெயர் வருவதில்லை. தமிழில் பாடும் ஒரு ஜாஸ் பாடகியின் பதிவுகளை வைத்து இந்த விஷயத்தைப் பார்க்கலாம்.

யார் இந்த கானவ்யா?

கானவ்யா துரைசுவாமி நியூயார்க்கில் பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர். பாட்டி சீதா துரைசுவாமி புகழ்பெற்ற ஜலதரங்கக் கலைஞர். பீங்கான் கிண்ணங்களில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சுருதி சேர்த்து, குச்சியால் தட்டி வாசிக்கும் அந்த அபூர்வ வாத்தியத்தைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த அவர் 2013ல் மறைந்தார். பேத்தி ஹரிகதையும் அபங்கமும் கேட்டு வளர்ந்து, பிறகு பெர்க்லி இசைக் கல்லூரி, யூசிஎல்ஏ, ஹார்வர்டு என்று படித்தவர்.

2016ல் கியூபாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் ஆல்ஃப்ரெடோ ரோட்ரிகஸின் 'டோகோரோரோ' ஆல்பத்தில் பாடினார். அதன் தயாரிப்பில் இருந்தவர் குவின்ஸி ஜோன்ஸ். 2018ல் சொந்த ஆல்பம் 'ஐக்கியம்: ஒண்ணு' வந்தது. ஜாஸ் உலகில் ஆளாளுக்குப் பாடிப் பழகிய பழைய பாடல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முயற்சி அது.

ஜாஸ் பாடகி என்றால் என்ன வித்தியாசம்?

சினிமாப் பாட்டில் பெரும்பாலும் எல்லாமே முன்கூட்டியே முடிவாகியிருக்கும். இசையமைப்பாளர் மெட்டுப் போட்டுவிடுவார். வயலின் ஒரு நாள், புல்லாங்குழல் வேறொரு நாள், பாடகர் இன்னொரு நாள் என்று தனித்தனியாகப் பதிவு செய்து கடைசியில் சேர்ப்பார்கள். பாடியவரும் வாசித்தவரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே பாட்டு ஹிட் ஆகலாம்.

ஜாஸ் பதிவு பெரும்பாலும் வேறு மாதிரி. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். பாட்டின் மெட்டை முதலில் ஒருமுறை பாடுவார்கள். அதற்கு 'ஹெட்' என்று பெயர். பல பழைய பாடல்களில் இது 32 தாள அளவுகள் கொண்ட ஒரு சுற்று. அதே சுற்றுதான் அடியில் திரும்பத் திரும்ப ஓடும். மேலே ஒவ்வொருவரும் முறை வைத்துக் கற்பனையாக வாசிப்பார்கள். கடைசியில் மறுபடி மெட்டுக்கு வந்து முடிப்பார்கள்.

கச்சேரி கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. பல்லவியைப் பாடி, நிரவல் செய்து, ஸ்வரம் பாடி, மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விட்டு, பல்லவிக்குத் திரும்புகிற அதே மனநிலைதான். பாடகர் ஸ்வரம் பாட, வயலின்காரர் அதைப் பிடித்துப் பதில் சொல்லும் அந்தக் கணம் இருக்கிறதே, ஜாஸ் முழுக்க அந்தக் கணத்தை நம்பித்தான் நடக்கிறது.

அதனால் ஜாஸில் 'யார் பாடினார்?' என்பது பாதிக் கேள்விதான். 'யாரோடு பாடினார்?' என்பது மீதிப் பாதி. ஆளை மாற்றினால் பாட்டே மாறிவிடும்.

பெயர் சிறிதாகவும் பெரிதாகவும்

1930களின் கடைசியில் பில்லி ஹாலிடேயும் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கும் சேர்ந்து செய்த பதிவுகள் இதற்கு நல்ல உதாரணம். அவர் பாடும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் சாக்ஸபோன் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே வரும். 'லேடி டே' என்ற பட்டப்பெயர் லெஸ்டர் யங் வைத்தது. பதிலுக்கு பில்லி அவரை 'ப்ரெஸ்' என்றார், பிரசிடென்ட் என்பதன் சுருக்கம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இசைத்தட்டுகள் பலவற்றில் பெரிய எழுத்தில் இருந்தது பியானோ கலைஞர் டெடி வில்சனின் பெயர். பாடகி பெயர் சிறிய எழுத்தில். இன்று அது தலைகீழ். பெயரை எங்கே, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்பது அந்தந்தக் காலத்துச் சந்தை எடுக்கும் முடிவு.

இந்தியக் குரல்களும் இந்த உரையாடலுக்குள் எப்போதோ வந்துவிட்டன. மும்பையைச் சேர்ந்த ஆஷா புத்லி, ஆர்னெட் கோல்மனின் 'சயின்ஸ் ஃபிக்ஷன்' ஆல்பத்தில் இரண்டு பாடல்கள் பாடினார். 1971ல் பதிவாகி 1972ல் வெளியான ஆல்பம் அது. வழக்கமான ஜாஸ் இலக்கணத்தையே உடைத்துக்கொண்டிருந்தவர் கோல்மன். ஹிந்துஸ்தானி இசை பயின்ற குரலுக்கு அங்கே இடம் கிடைத்தது.

நாகஸ்வரக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பெயர் சார்லி மரியானோ. 1923ல் பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர். சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற 1963 ஆல்பமான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் வாசித்தவர். அவர் நாகஸ்வரமும் கற்றுக்கொண்டு, 1970களின் ஆல்பங்களில் அதை வாசித்தார்.

அவர் பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து 1983ல் 'ஜோதி' என்ற ஆல்பத்தை ஈசிஎம் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். பாடியவர் ஆர்.ஏ.ரமாமணி. மிருதங்கம் டி.ஏ.எஸ்.மணி, கடம் ஆர்.ஏ.ராஜகோபால், கஞ்சிரா டி.என்.சசிகுமார். இத்தனை பெயர்களும் நாற்பது வருடம் கழித்தும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், ஆல்பத்தில் அச்சடித்து வைத்திருந்ததுதான்.

கானவ்யாவின் பதிவுகளில் யார் யார்?

மிருதங்கத்திலிருந்து தொடங்கலாம். ராஜ்னா சுவாமிநாதன் அமெரிக்காவில் வளர்ந்த மிருதங்கக் கலைஞர், உமையாள்புரம் கே.சிவராமனின் சிஷ்யை. டிரம் செட் இருக்க வேண்டிய இடத்தில் மிருதங்கத்தை வைத்து ஒரு ஜாஸ் குழு நடத்துகிறார். 2019ல் வந்த அவருடைய 'ஆஃப் ஏஜென்சி அண்ட் அப்ஸ்ட்ராக்ஷன்' ஆல்பத்தில் டிரம்பெட், சாக்ஸபோன், கிடார், வயலினோடு கானவ்யாவின் குரலும் இருக்கிறது. காவிரிக் கரை கிராமத்தின் பெயரைத் தாங்கிய வாசிப்பு நியூயார்க் ஜாஸுக்குள் போன பாதை இது.

2021ல் எஸ்பெரான்ஸா ஸ்பால்டிங்கின் 'சாங்ரைட்ஸ் அப்பாத்திகரி லேப்' ஆல்பத்தில் கானவ்யா பங்கேற்றார். அடுத்த ஆண்டு, சிறந்த ஜாஸ் குரலிசை ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது.

2024ல் அவருக்கு இரண்டு ஆல்பங்கள். முதலாவது 'லைக் தி ஸ்கை ஐ'வ் பீன் டூ கொயட்'. லண்டன் சாக்ஸபோன், புல்லாங்குழல் கலைஞர் ஷபாகாவின் நேட்டிவ் ரெபெல் நிறுவனம் வெளியிட்டது. ஷபாகா, ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ், கார்லோஸ் நினோ போன்றவர்கள் கூட இருந்தார்கள். குரல் பல இடங்களில் முணுமுணுப்புக்கு அருகில் இருக்கும். சுற்றியுள்ள வாத்தியங்களும் அதற்கேற்பத் தணிந்து போகும்.

இரண்டாவது 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்'. ஹூஸ்டனில் ஒரு ஓபரா அரங்கில் 30க்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்துப் பதிவு செய்தது. பியானோ கலைஞர் விஜய் ஐயர், சாக்ஸபோன் கலைஞர் இம்மானுவேல் வில்கின்ஸ், ஸ்பால்டிங், ஷபாகா எல்லாம் அதில் உண்டு. ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' இதில் கூட்டுப் பிரார்த்தனை போல ஒலிக்கிறது.

2025ல் வந்த 'நிலம்' இதற்கு நேர் எதிர். கூட்டம் இல்லை. குரல், சார்லஸ் ஓவர்டனின் ஹார்ப், மேக்ஸ் ரிட்லியின் டபுள் பேஸ். மூன்றே பேர்தான் மையம். பெர்லினில் நில்ஸ் ஃப்ராமின் ஸ்டூடியோவில் பதிவானது. ஒரு திருப்புகழும், ஞானேஸ்வரரின் மராத்தி பிரார்த்தனையான பசாயதானும் இந்தச் சிறிய அணியில் கேட்கக் கிடைக்கின்றன.

ராகத்துக்கு ஹார்ப் எப்படிப் பொருந்தும்?

இங்கேதான் கூட வாசிப்பவரின் வேலை எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

நம் இசைக்கு ஆதார சுருதி ஒன்றுதான். தம்பூரா ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும். ஜாஸில் அப்படி இல்லை. டபுள் பேஸ் அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும். அடி நகர்ந்தால் மேலே பாடும் அதே ஸ்வரம் வேறு நிறத்தில் கேட்கும். கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். சங்கராபரணத்தின் ரிஷபத்தை சட்ஜமாக வைத்துக்கொண்டால் அதே ஸ்வரங்கள் கரகரப்பிரியா ஆகிவிடும், இல்லையா? பேஸ் கலைஞர் ஒரு விரலை நகர்த்தினால் அந்த அளவுக்குப் பாட்டின் முகம் மாறலாம். எப்போது நகர வேண்டும், எப்போது தம்பூரா மாதிரி அசையாமல் நிற்க வேண்டும் என்ற தீர்மானம் அவருடையது.

ஹார்ப் இன்னும் சுவாரஸ்யம். கச்சேரி ஹார்ப்பில் 47 தந்திகள். காலடியில் ஏழு பெடல்கள். ஏழு ஸ்வரப் பெயர்களுக்கும் ஆளுக்கொரு பெடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள். மாற்றினால் அந்த ஸ்வரத்தின் எல்லாத் தந்திகளும், எந்த ஸ்தாயியில் இருந்தாலும், அரை ஸ்வரம் ஏறும் அல்லது இறங்கும். சங்கராபரணத்தில் இருக்கும் ஹார்ப்பை மாயாமாளவகௌளைக்கு மாற்ற வேண்டுமா? ரிஷபம், தைவதம் இரண்டின் பெடல்களை மட்டும் நகர்த்தினால் போதும். சரளி வரிசை வாசிக்கலாம்!

ஆனால் மீட்டிய தந்தி மீட்டிய இடத்திலேயே நிற்கும். கமகம் வராது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைக் குரல்தான் செய்ய வேண்டும். டபுள் பேஸில் கட்டைகள் கிடையாது, வயலின் மாதிரி வழுவழுப்பான பலகை. அதனால் குரல் வழுக்கும் இடத்தில் அதுவும் கூடவே வழுக்கலாம். ஒரு வாத்தியம் தெளிவான படிகளைத் தருகிறது, இன்னொன்று படிகளுக்கு நடுவே நடக்கிறது, குரல் இரண்டுக்கும் மேலே. இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டு 'நிலம்' கேட்டால், 'பின்னணி இசை' என்று எதையும் சொல்லத் தோன்றாது.

ஜாஸில் ஹார்ப்புக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1971ல் வெளியான அவருடைய 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வில் ஹார்ப், தம்பூரா, டபுள் பேஸ் மூன்றும் சேர்ந்து ஒலிக்கின்றன. தலைப்பில் இருக்கும் சச்சிதானந்தா அவருடைய குரு. கோவை அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்த தமிழர். 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' ஆல்பத்தில் கானவ்யா இந்தப் பாடலைத் திரும்பத் தொட்டிருப்பது சும்மா இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

"பாட்டு நல்லா இருந்தா போதாதா, பேர் எதுக்கு?" என்று கேட்கலாம். வாசிப்பவருக்கு அது சோற்றுப் பிரச்னை.

இந்தியாவில் 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடகரையும் வாத்தியக் கலைஞரையும் 'நிகழ்த்துநர்' என்று ஏற்கிறது. அவர்களுக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. பதிவு வணிக ரீதியாகப் பயன்படும்போது ராயல்டியில் பங்கும் உண்டு. இது நல்ல செய்தி.

ஆனால் அதே சட்டத்தில் சினிமாவுக்கு என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, துறை வழக்கப்படி டைட்டில் கார்டு உட்பட எங்குமே அவர் பெயர் போடப்படாவிட்டால், அவரை நிகழ்த்துநராகவே கருத வேண்டியதில்லை. தன் வாசிப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும்தான் அவருக்கு மிஞ்சும். 'என் பெயரைப் போடுங்கள்' என்று கேட்கும் உரிமைகூட அந்தப் பட்டியலில் இல்லை.

சுற்றிச் சுற்றி எங்கே வருகிறது பாருங்கள். பெயர் போடாதது வழக்கம். அந்த வழக்கமே உரிமையை மறுப்பதற்கான காரணங்களில் ஒன்றாகிறது. ஒரு ஷெனாய்க்காரரின் முப்பது நொடி வாசிப்பு 'துணையானது' என்று யார் தீர்மானிப்பது? பாட்டே அந்த முப்பது நொடியால்தான் நினைவில் நிற்கிறது என்றால்?

மாற்று வழக்கமும் தமிழ் சினிமா பார்த்ததுதான். ஏ.ஆர்.ரஹ்மானின் கேசட் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சாகின. புல்லாங்குழல் நவீன் என்ற பெயர் சாதாரண ரசிகர்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். கேசட் போனது, சிடி போனது. உறையோடு சேர்ந்து அந்தப் பட்டியலும் கண்ணிலிருந்து மறைந்தது.

ஸ்ட்ரீமிங்கில் பெயரைப் பார்ப்பது எப்படி?

ஸ்பாட்டிஃபை 2018ல் கிரெடிட்ஸ் வசதியைக் கொண்டுவந்தது. பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் கிரெடிட்ஸ் என்ற பகுதி வரும். ஆப்பிள் மியூசிக்கிலும் இப்படி உண்டு. சிக்கல் என்னவென்றால், வெளியிடும் நிறுவனம் எந்தத் தகவலைக் கொடுக்கிறதோ அதுதான் அங்கே தெரியும். பாடியவர், எழுதியவர், தயாரிப்பாளர் என்பதோடு பல பாட்டுகளில் பட்டியல் முடிந்துவிடும்.

ஜாஸ் ஆல்பங்களுக்கு பேண்ட்கேம்ப் பக்கம் பெரும்பாலும் உதவும். யார் எதை வாசித்தார், எந்த ஊரில் பதிவானது, யார் மிக்ஸ் செய்தார் என்று பழைய இசைத்தட்டு உறையில் இருந்த விவரங்களை அங்கே பலர் எழுதிவைக்கிறார்கள்.

சொந்தமாகப் பாட்டு வெளியிடும் இளைஞர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பாட்டை ஏற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் கேட்கும் படிவத்தில் வாசித்தவர்களின் பெயரையும் வாத்தியத்தையும் நிரப்ப இரண்டு நிமிடம்கூட ஆகாது. நண்பன்தானே, சும்மா வாசித்துக் கொடுத்தான் என்று விட்டுவிட்டால், நாளைக்குப் பாட்டு ஓடும்போது அவனிடம் காட்டுவதற்கு ஓர் ஆதாரமும் இருக்காது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் 'நிலம்'. மூன்று ஒலிகள்தான் என்பதால் பிரித்துக் கேட்பது சுலபம். முதல் முறை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை பேஸை மட்டும். செல்போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும், இயர்போன் கட்டாயம்.

அடுத்து ராஜ்னா சுவாமிநாதனின் 2019 ஆல்பம். தாளம் போட்டுப் பழகிய கைக்கு நல்ல வேலை. அதன் பிறகு ரமாமணியும் மரியானோவும் சேர்ந்த 'ஜோதி'. கடைசியாக 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்'. முப்பது பேர் கூடியதில் எந்த ஒலி யாருடையது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்தான். அதற்கு முன்னால் கேட்ட மூன்றும் காதைத் தயார் செய்திருக்கும்.

ஒவ்வொன்றையும் கேட்கும்போது கிரெடிட்ஸைத் திறந்து ஒரு பெயரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைத் தேடினால் அவர் வாசித்த இன்னொரு ஆல்பம் கிடைக்கும். ஜாஸ் ரசிகர்கள் பல தலைமுறைகளாகப் புது இசையைக் கண்டுபிடித்தது இப்படித்தான். சார்லஸ் ஓவர்டன் என்ற பெயரிலிருந்து தொடங்கினால் எங்கே போய் நிற்பீர்கள் என்று எந்த அல்காரிதத்துக்கும் தெரியாது.